பதின்மூன்றாவது வாரம்: ஃபியலுரிடின் மருந்தாய்வில் நடந்தது என்ன?

1993 ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மருத்துவமனையில், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேர் ஃபியலுரிடின் என்ற புதிய மருந்தை வாய்வழியாக எடுத்துவந்தார்கள். 24 வாரம் கொடுப்பதாகத் திட்டம். 13-ஆவது வாரத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் திடீரென்று ஏறியது, கல்லீரல் செயலிழந்தது. மருத்துவர்கள் ஆய்வை உடனே நிறுத்தினார்கள். மற்ற அனைவருக்கும் தகவல் சொல்லி, மருந்தை அதற்குமேல் தொட வேண்டாம் என்றார்கள்.

பெரிய பாதிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. மருந்தை நிறுத்தியும் ஒருவர்பின் ஒருவராக மோசமானார்கள். மொத்தம் ஏழு பேருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டது. அவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தார்கள். இன்னும் மூன்று பேருக்கு லேசான பாதிப்பு. ஆக, 15 பேரில் 10 பேரின் கல்லீரலை அந்த மருந்து தொட்டிருந்தது. பலருக்குக் கணைய அழற்சி, கால் மரப்பு, தசைப் பலவீனம் ஆகியவையும் சேர்ந்து வந்தன.

எலிக்குத் தாங்கிய மருந்து மனிதனுக்குத் தாங்கவில்லை என்று இந்த நிகழ்வை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் அடங்காத பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மருந்தின் கெடுதல் வெளியே தெரியப் பல வாரங்கள் ஆகும். வெளியே தெரியும்போதும் அது நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கும் நோயைப் போலவே தெரியும். சில சமயம் சிகிச்சை பலித்ததைப் போலவும் தெரியும். அதற்கு முந்தைய ஆய்வுகளில் அங்கங்கே தலைகாட்டிய அறிகுறிகளுக்கு ஒவ்வொன்றாக வேறு வேறு காரணம் சொல்லப்பட்டது. காரணங்கள் எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவை. அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்க்க ஓர் ஏற்பாடு இல்லாமல் போனதுதான், என் கணிப்பில், இந்த நிகழ்வின் மையம்.

அந்த மருந்தை ஏன் அவ்வளவு நம்பினார்கள்?

1990-களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 35 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து கல்லீரல் சுருங்கும், அல்லது புற்று வரும். தடுப்பூசி இருந்தது, ஆனால் ஏற்கெனவே நோய் தொற்றியவர்களுக்கு அதனால் பயன் இல்லை. அவர்களுக்கென்று அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்ற ஒரே மருந்து இன்டர்ஃபெரான் ஆல்ஃபா. மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். காய்ச்சல், உடல்வலி, சோர்வு, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். அத்தனையும் பொறுத்துக்கொண்டால் மூன்றில் ஒருவருக்கு, தோராயமாக, பலன் கிடைக்கும்.

மருந்துக்கான அந்தத் தவிப்பு எவ்வளவு பெரியது என்பதற்குச் சென்னையே ஒரு சாட்சி. 1988-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து, வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். பொடி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது என்றார்கள். வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹார்வர்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று பெரிய இடங்களில் இருந்தவர்களும் நம் ஊர் வைத்தியர்களும் ஒரே நோயின் முன்னால் ஒரே அளவு கையறுநிலையில் நின்ற காலம் அது.

அந்தச் சூழலில் ஃபியலுரிடின் வந்தது. நியூயார்க்கில் உள்ள ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில், ஹெர்பீஸ் குடும்ப வைரஸ்களை மனத்தில் வைத்து 1970-களின் இறுதியில் உருவாக்கப்பட்ட வேதிப்பொருள்களின் வரிசையைச் சேர்ந்தது அது. சுருக்கமாக எஃப்ஐஏயூ என்பார்கள். கலிஃபோர்னியாவில் இருந்த ஆக்லாசன் என்ற சிறிய நிறுவனம் அதை எடுத்து வளர்த்தது. பிறகு எலி லில்லி என்ற பெரிய நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு வேறு வைரஸ்களைக் கட்டுப்படுத்த அதைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சிலருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருந்தது. இரண்டே வாரத்தில் அந்த வைரஸின் டிஎன்ஏ அளவு ரத்தத்தில் சரிந்ததைப் பார்த்தார்கள். ஊசி இல்லை, காய்ச்சல் இல்லை. வைரஸ் மட்டும் குறைகிறது. அதுவரை ஹெபடைடிஸ் பி-க்கு எந்த வாய்வழி மருந்தும் இப்படிச் செய்ததில்லை.

அடுத்து, ஹெபடைடிஸ் பி மட்டும் உள்ள 24 பேருக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். வைரஸ் அளவு மீண்டும் சரிந்தது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் அது உடனே பழைய நிலைக்கு ஏறவில்லை. நான்கு வாரத்திலேயே இப்படியென்றால் ஆறு மாதம் கொடுத்தால் நோயே போய்விடுமோ என்ற எண்ணம் யாருக்கும் வரும். 1993 மார்ச்சில் தொடங்கிய 24 வார ஆய்வு அப்படிப் பிறந்ததுதான்.

அதை நடத்தியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். தலைமை வகித்த ஜே ஹூஃப்னேகல், பின்னாளில் ஹெபடைடிஸ் சி என்று பெயர் பெற்ற நோய்க்கு இன்டர்ஃபெரான் பலன் தரும் என்று 1986-லேயே முதலில் காட்டியவர். உடன் இருந்த ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ், ஹெர்பீஸுக்கு அசைக்ளோவிர் மருந்தை ஆராய்ந்தவர். அனுபவமும் அக்கறையும் உள்ள குழு. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளிகளை நேரில் பார்த்தார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அலட்சியம் என்று ஒரு சொல்லில் இந்தக் கதையை முடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

கொடுத்த அளவும் பெரியதல்ல. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.10 மில்லிகிராம் ஒரு குழுவுக்கு, 0.25 மில்லிகிராம் மற்ற குழுவுக்கு. 70 கிலோ எடையுள்ளவர் என்றால் நாளைக்கு 7 மில்லிகிராம், அல்லது 17.5 மில்லிகிராம். இரண்டு குழுவுக்கும் மருந்து உண்டு. மருந்தே எடுக்காத ஒப்பீட்டுக் குழு கிடையாது. மருந்தளவைத் தேடும் ஆரம்பகட்ட ஆய்வுகளில் அது வழக்கத்துக்கு மாறானதும் அல்ல. ஆனால் ஹெபடைடிஸ் பி தானாகவே ஏறியிறங்கும் நோய். சில மாதம் அடங்கியிருக்கும், சில மாதம் சீறும். அப்படிப்பட்ட நோயில், பக்கத்தில் வைத்துப் பார்க்க மருந்தில்லாத ஆள் ஒருவரும் இல்லையென்றால், எது நோயின் வேலை, எது மருந்தின் வேலை என்று பிரிப்பது மிகக் கடினம். இந்த ஆய்வின் அமைப்பில் எனக்கு உறுத்தும் முதல் இடம் இதுதான்.

ஏறும் எஸ்ஜிபிடி

மஞ்சள் காமாலை என்று ரத்தப் பரிசோதனைக்குப் போன எவருக்கும் எஸ்ஜிபிடி என்ற பெயர் தெரிந்திருக்கும். கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதி அது. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். ஆகவே எண் ஏறினால் கல்லீரல் சேதமடைகிறது என்று பொருள் கொள்வோம்.

ஹெபடைடிஸ் பி சிகிச்சையில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைப் பெரிதாகக் கொல்வதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டு, வைரஸ் குடியேறிய செல்களைத் தாக்கும்போதுதான் எஸ்ஜிபிடி ஏறுகிறது. இன்டர்ஃபெரான் பெற்ற பலருக்கு, வைரஸ் அடங்குவதற்குச் சற்று முன்னால் இப்படி ஓர் எழுச்சி வரும். கல்லீரல் மருத்துவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்தே பழகியிருந்தார்கள்: உடல் போராடத் தொடங்கிவிட்டது, இனி வைரஸ் போகும்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஃபியலுரிடின் எடுத்தவர்களின் எண்களையும் பார்த்தார்கள். வைரஸ் குறைகிறது, எஸ்ஜிபிடி சற்று ஏறுகிறது. இது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. குமட்டல், சோர்வு என்று நோயாளிகள் சொன்னால், எழுச்சியின்போது அதுவும் வருவதுதான்.

இதைவிடக் கொடுமையான ஒரு நுணுக்கம் உண்டு. ஃபியலுரிடினால் கெட்ட கல்லீரலில் செல்கள் பெருமளவில் உடையவே இல்லை. இறந்தவர்களின் கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல் சாவு மிகக் குறைவு. கட்டமைப்பு பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னதும் பெரியதுமாகக் கொழுப்புத் துளிகள் நிறைந்திருந்தன. செல் உடையாதபோது எஸ்ஜிபிடி எப்படிப் பெரிதாக ஏறும்? எந்த எண்ணை நம்பிக் கல்லீரலைக் காவல் காத்தார்களோ, அந்த எண் இந்தச் சேதத்தை அளக்கக்கூடியதே அல்ல. ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கலாம். அதை வழக்கமாகப் பார்க்க வேண்டும் என்று அன்று யாரும் நினைத்திருக்கவில்லை.

செல்லுக்குள் என்ன நடந்தது?

ஃபியலுரிடின் ஒரு நியூக்ளியோசைடு போலி. டிஎன்ஏ என்ற நீண்ட இழை நான்கு வகை அலகுகளால் ஆனது. அவற்றில் ஒன்றான தைமிடின் என்பதைப் போலவே தோற்றமளிக்கும்படி இந்த வேதிப்பொருள் வடிவமைக்கப்பட்டது. சர்க்கரைப் பகுதியில் ஒரு ஃப்ளூரின் அணு. தைமிடினில் மெத்தில் இருக்கும் இடத்தில் ஓர் அயோடின் அணு. வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது, செங்கல் அடுக்கும் கொத்தனார் கையில் அளவு சற்றே பிசகிய கல் அகப்பட்டதைப் போல, இந்தப் போலி இழைக்குள் நுழையும், வேலை குழம்பும், நகலெடுப்பு நின்றுபோகும். எண்ணம் அதுதான். வைரஸைப் பொறுத்தவரை அது பலிக்கவும் செய்தது.

செல்லின் உட்கருவில் இருக்கும் நம் சொந்த டிஎன்ஏ பெரும்பாலும் தப்பித்தது. ஆனால் நம் செல்லில் இன்னோர் இடத்திலும் டிஎன்ஏ உண்டு: மைட்டோகாண்ட்ரியாவில். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் இந்தச் சிறு உறுப்புக்கு என்று 16,569 அலகு நீளத்தில் ஒரு வளைய டிஎன்ஏ இருக்கிறது. ஆற்றல் உற்பத்திக்கு இன்றியமையாத 13 புரதங்களுக்கான குறிப்பு அதில் உள்ளது. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பெயர் டிஎன்ஏ பாலிமரேஸ் காமா. அந்த நொதி ஃபியலுரிடினை உண்மையான தைமிடின் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது.

எச்ஐவிக்குக் கொடுக்கும் சிடோவுடின் போன்ற மருந்துகள் இழையில் சேர்ந்தவுடன் அடுத்த அலகு ஒட்ட முடியாதபடி இழையைத் துண்டித்துவிடும். ஃபியலுரிடின் அப்படிச் செய்யாது. அடுத்த அலகு ஒட்டுவதற்கான பிடி அதில் இருக்கிறது. ஆகவே இழை தொடர்ந்து வளரும், போலி உள்ளேயே தங்கிவிடும். போலிகள் அடுத்தடுத்து சேர்ந்தால் நகலெடுக்கும் வேலை தடைபடுகிறது என்றும், மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ குறைந்து அதன் வடிவமே சிதைகிறது என்றும் 1996-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இப்படி உள்ளே தங்கிவிடுவதிலிருந்துதான் இந்த நிகழ்வின் கால ஓட்டம் முழுக்கப் புரிகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. சிறிது சிறிதாக, வாரக்கணக்கில். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் போலி சேர்கிறது. பழைய நல்ல புரதங்கள் இருக்கும்வரை செல் சமாளிக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் சமாளிக்க முடியாது. அப்போது செல் ஆக்சிஜன் இல்லாத பழைய வழியில் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும். லாக்டிக் அமிலம் குவியும். கொழுப்பை எரிக்க வழியில்லாததால் அது துளித்துளியாகத் தேங்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறும். நான்கு வார ஆய்வில் தெளிவாகத் தெரியாதது 13-ஆவது வாரத்தில் வெடித்ததற்கும், மருந்தை நிறுத்திய பிறகும் நோயாளிகள் தேறாததற்கும் காரணம் இதுவே. மாத்திரைக் குப்பியைத் தூக்கிப் போட்டாலும், டிஎன்ஏவுக்குள் புகுந்ததை வெளியே எடுக்க யாராலும் முடியாது. கல்லீரலை மாற்றி வைக்கலாம். நரம்பிலும் தசையிலும் கணையத்திலும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை என்ன செய்வது?

விலங்குகள் ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?

மனிதருக்குக் கொடுக்கும் முன்னால் சுண்டெலி, எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் சோதித்திருந்தார்கள். மனிதருக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிக அளவு கொடுத்தும், அவை இப்படி ஒரு கல்லீரல் சேதம் வரும் என்று காட்டவில்லை.

ஏன் என்பதற்கு விடை கிடைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜஷ்வந்த் உனட்கட்டின் குழு, நியூக்ளியோசைடுகளைச் சவ்வு வழியாகக் கடத்திச் செல்லும் ஒரு புரதத்தை ஆராய்ந்தது. மனித செல்களில் அந்தப் புரதம் செல்லின் வெளிச்சவ்வில் மட்டுமின்றி மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலும் இருக்கிறது. எலி இனங்களில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போவதில்லை. புரதத்தை அங்கே அனுப்பிவைக்கும் முகவரி போன்ற நான்கு அமினோ அமிலங்களில், மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இரண்டு வேறுபடுகின்றன. 2006-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது. இரண்டே எழுத்து வித்தியாசம். மனிதனில் மருந்துக்கு உள்ளே போக வாசல் இருந்தது, எலியில் இல்லை.

உட்சக் என்ற வட அமெரிக்கப் பிராணியின் கதையும் சேர்ந்தால்தான் காலம் என்ற விஷயம் முழுமையாகப் புரியும். ஹெபடைடிஸ் பி-க்கு மிக நெருங்கிய வைரஸ் ஒன்று இயற்கையாகவே உட்சக்குகளைத் தாக்குகிறது. அதனால் ஹெபடைடிஸ் பி மருந்துகளை அவற்றில் சோதிப்பது வழக்கம். கீழாநெல்லியைக்கூட முதலில் அவற்றில்தான் பார்த்தார்கள். குறுகிய காலம் ஃபியலுரிடின் கொடுத்த உட்சக்குகளில் வைரஸ் நன்றாகக் குறைந்தது, நச்சுத்தன்மை தென்படவில்லை. 1993 துயரத்துக்குப் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு அவை இரை எடுக்க மறுத்தன, மெலிந்தன, தசை வற்றியது. நான்கு மாதம் முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே விலங்கு, அதே மருந்து. பார்த்த காலம் மட்டும் வேறு. விலங்குகள் மனிதனைப் போல இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள இது விடாது. சரியான விலங்கிடம், போதுமான காலம் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

2014-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேரி பெல்ட்ஸின் குழு, கல்லீரலில் மனித செல்களை வளர்த்த சுண்டெலிகளுக்கு ஃபியலுரிடின் கொடுத்துப் பார்த்தது. மனித நோயாளிகளில் கண்ட அதே காமாலை, அதே லாக்டிக் அமிலம், அதே கொழுப்புத் துளிகள். சாதாரண சுண்டெலிகளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

மூன்று விசாரணைகள், மூன்று தீர்ப்புகள்

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு சிறப்புக் குழுவை அமைத்து 1993 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஃபியலுரிடினும் அதன் உறவு மருந்தும் பெற்ற முந்தைய நோயாளிகள் எல்லோருடைய பதிவுகளையும் ஒன்றாக விரித்துப் பார்த்தார்கள். நான்கு வார ஆய்வில் இருந்த ஒருவர், மருந்து முடிந்து மாதங்கள் கழித்து, பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்திருந்தார். அறுவை சிகிச்சையின் சிக்கல் என்று அன்று பதிவானது. வேறு சில மரணங்களும் பாதிப்புகளும் எச்ஐவியின் மீதோ, ஹெபடைடிஸின் மீதோ, கூட எடுத்த வேறு மருந்தின் மீதோ போடப்பட்டிருந்தன. இவற்றில் சிலவற்றுக்கு ஃபியலுரிடினே காரணமாக இருந்திருக்கலாம் என்றது அறிக்கை. எதிர்பாராத பாதிப்புகளை நோயின் கணக்கில் எழுதும் போக்கு ஆய்வாளர்களிடமும் நிறுவனங்களிடமும் இருந்தது என்பது அதன் குற்றச்சாட்டு. 1994-ல் ஆய்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதங்கள் போயின.

தேசிய சுகாதார நிறுவனம் தனியாக அமைத்த குழு 1994-ல் வேறு மாதிரி சொன்னது: ஆய்வு முறையாகத் திட்டமிடப்பட்டு முறையாக நடத்தப்பட்டது, இந்த நச்சுத்தன்மையை அன்றைய அறிவைக்கொண்டு முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது. 1995-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைத்த சுயேச்சையான குழுவும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது. ஒரே காகிதக் கட்டுகளைப் பார்த்தவர்கள் எதிரெதிர் முடிவுகளுக்குப் போனார்கள்.

யார் பக்கம் நியாயம்? தனிமனிதர்கள் மீது குற்றம் சுமத்தியதில் மருந்து நிர்வாகம் மிகையாகப் போனது என்றே எனக்குப் படுகிறது. பித்தப்பை அறுவைக்குப் பிறகு கல்லீரல் நோயாளி ஒருவர் இறந்தால், மாதங்களுக்கு முன்னால் நிறுத்திய மருந்தை எந்த மருத்துவர் சந்தேகிப்பார்? மருந்து என்றால் நிறுத்தியதும் அதன் வேலையும் நிற்கும் என்பதே அதுவரை எல்லோருக்கும் தெரிந்த இயல்பு. ஆனால் முறையைப் பற்றி நிர்வாகம் சொன்னது முற்றிலும் சரி. ஒவ்வொரு மரணத்தையும் அந்தந்த நோயாளியின் படுக்கையருகில் நின்று விளக்கினால் எப்போதும் நம்பும்படியான காரணம் கிடைக்கும். அவர்கள் ஏற்கெனவே நோயாளிகள். எல்லா மரணங்களையும் ஒரே மேசையில் பரப்பி, இத்தனை பேருக்கு, இத்தனை மாதத்தில், இவ்வளவு எதிர்பார்க்கக்கூடியதா என்று கேட்டால்தான் மருந்தின் நிழல் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு அன்று யாரிடமும் இல்லை. மருந்து ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறி, ஒரு நோயிலிருந்து இன்னொரு நோய்க்குத் தாவி வந்திருந்தது. ஆய்வுகள் துண்டுதுண்டாக இருந்தன.

மரணமோ கடும் பாதிப்போ வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை ஆய்வு மருந்தையே சந்தேகிக்க வேண்டும் என்ற திசையில் புதிய விதிகளை நிர்வாகம் 1994-ல் முன்வைத்தது. அவை பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. 2010-ல் இறுதியாக்கப்பட்ட விதிகள், தனித்தனி நிகழ்வுகளோடு நிற்காமல், ஓர் ஆய்வு மருந்தைப் பற்றிய எல்லாத் தகவல்களையும் திரட்டித் தொகுத்துப் பார்க்கும் கடமையை மருந்து நிறுவனங்கள் மீது வைத்தன. 1993-லிருந்து பதினேழு ஆண்டுகள் பிடித்தது என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெதஸ்டா குழு எதையும் மறைக்கவில்லை. 1995 அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆனது என்பதை விரிவாக எழுதினார்கள். இதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகளாலும் இது அபூர்வமாக நேரலாம் என்று அதிலேயே எச்சரித்தார்கள். பரிசோதிக்கப்பட்டுத் தோற்ற மருந்துகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் அலமாரிக்குள் போய்விடும். இது போகவில்லை. அந்த ஐந்து பேரின் திசுக்களிலிருந்து வந்த அறிவு வெளியே வந்தது அதனால்தான்.

அந்த எச்சரிக்கை நம் ஊர்வரை வந்தது

எச்ஐவிக்குக் கொடுக்கப்பட்ட நியூக்ளியோசைடு மருந்துகளின் உறையில் ‘லாக்டிக் அமிலத் தேக்கமும் கொழுப்புப் படிந்த கல்லீரல் வீக்கமும் உயிருக்கு ஆபத்தாகலாம்’ என்ற பொருளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை இடம்பெறத் தொடங்கியது. அவற்றில் இந்தியாவுக்கு மிக நெருக்கமானது ஸ்டாவுடின். 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச எச்ஐவி சிகிச்சையைத் தொடங்கியபோது, சென்னையை அடுத்த தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உட்பட எட்டு மருத்துவமனைகளில் அது கிடைத்தது. ஸ்டாவுடின் கலந்த கூட்டு மாத்திரை மலிவானது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதே மாத்திரையால் பாதம் எரிந்தவர்கள், கன்னம் ஒட்டியவர்கள், சிலசமயம் லாக்டிக் அமிலம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. அதுவும் பாலிமரேஸ் காமாவின் கதையே, ஃபியலுரிடினைவிட மெதுவாக நடந்த கதை. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. ஸ்டாவுடின் எடுத்துவந்த நோயாளி குமட்டல், சோர்வு என்று வந்தால் லாக்டிக் அமிலத்தைப் பார்க்கத் தோன்றியதற்குப் பின்னால் 1993-ம் இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி-க்கும் மாத்திரை வந்தது. 1998 டிசம்பரில் லாமிவுடின், 2002-ல் அடெஃபோவிர், 2005-ல் என்டெகாவிர், 2008-ல் டெனோஃபோவிர். எல்லாமே நியூக்ளியோசைடு அல்லது நியூக்ளியோடைடு போலிகள். வைரஸின் நொதிக்குப் பிடிக்கும், பாலிமரேஸ் காமாவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதே அவற்றின் சிறப்பு. இன்று என்டெகாவிரையோ டெனோஃபோவிரையோ ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக எடுப்பவர்கள் பலர். ஆபத்து அந்த வகை மருந்துகளை விட்டு ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. ஃபியலுரிடினின் உறவினர் என்று சொல்லத்தக்க கிளெவுடின் 2006-ல் தென்கொரியாவில் அனுமதி பெற்றது. நீண்ட நாள் எடுத்த சிலருக்குத் தசை நோய் வந்து, மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2009-ல் நின்றன. ஹெபடைடிஸ் சி-க்கான ஒரு நியூக்ளியோடைடு மருந்து 2012 ஆகஸ்டில் ஒருவர் இதயச் செயலிழப்பால் இறந்த பிறகு கைவிடப்பட்டது.

ஃபியலுரிடின் எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை. ஆனால் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வாங்கப்படுகிறது. மனிதக் கல்லீரல் செல்களை உருண்டைகளாக வளர்த்தோ, சில்லுகளில் பதித்தோ மருந்துகளின் நச்சுத்தன்மையை அறியும் புதிய முறைகளை உருவாக்குபவர்கள், தங்கள் முறை நம்பத்தக்கதா என்று பார்க்க அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் மட்டும் வைத்திருக்கும் செல்களில் ஃபியலுரிடின் இன்னமும் பெரும்பாலும் பிடிபடாமல் தப்பித்துவிடுகிறது. இரண்டு, மூன்று, நான்கு வாரம் என்று செல்களை உயிரோடு காத்து, தினமும் மருந்து ஊட்டிப் பார்க்கும்போதுதான் சேதம் தெரியத் தொடங்குகிறது. நாள் கூடக் கூட, மிகக் குறைந்த அளவிலேயே தெரிகிறது. அத்தனை நாள் செல்களைப் பராமரிக்கச் செலவு அதிகம். அந்தச் செலவைச் செய்யாத சோதனை முறை எதையும், மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு மருந்துக்குப் போதுமானது என்று ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.